நள்ளிரவின் இரு பக்கம்

போன மாதம் வீட்டுப் பராமரிப்புப் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒரு பிள்ளை எழுந்து நின்று, "அங்கிள், நீங்கள் வேலை செய்த வீடுகளிலேயே ஆகப் பயமான வீடு எது?" என்று கேட்டாள். நாய் துரத்திய கதையையோ, நிலவறைப் படியில் சறுக்கி விழுந்த கதையையோ எதிர்பார்த்திருப்பாள். அன்றைக்கு நேரம் இருக்கவில்லை. சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை.

படுக்கையில் கிடப்பவரை எப்படிப் புரட்டுவது, எப்படிக் குளிப்பாட்டுவது என்பதையெல்லாம் வகுப்பில் படிப்பீர்கள். நான் எழுதப்போவது, ஒரு வீட்டில் எனக்கு நேர்ந்த ஒரு தை மாதத்தைப் பற்றி. பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாம் என்று அந்தக் குடும்பத்தில் மிஞ்சியவர் சொல்லியிருக்கிறார்.

ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில், குயின் வீதியைப் பார்த்தபடி ஒரு பழைய அபார்ட்மென்ட். அதன் மூன்றாவது மாடியில் வால்டர் தனியாக இருந்தார். அமெரிக்கர். இளவயதில் இந்த ஊருக்கு வந்து, பள்ளிக்கூடங்களுக்கு வர்ணம் பூசிப் பிழைத்தவர். நுரையீரல் முடிந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் சாக விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். பின்னேரங்களில் நான் போவேன். காலையில் வேறொரு பெண் வருவாள். இடையில் நேர்ஸ்.

முதல் நாளே அந்த வீட்டில் ஏதோ குறைகிறது என்று பட்டது. என்ன என்று பிடிபடவில்லை. கைகழுவப் போனபோதுதான் விளங்கியது. முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. தொட்டிக்கு மேலே இருந்த அலுமாரியின் முகக்கண்ணாடிக் கதவைக் கழற்றி, வெறும் தட்டுகளாக விட்டிருந்தார். படுக்கையறையில் இல்லை, வாசலில் இல்லை, ஒரு கைக்கண்ணாடிகூட இல்லை. ஜன்னல் திரைகளைப் பகலிலும் மூடியே வைக்கச் சொல்வார். வெளியே இருட்டினால் ஜன்னல் கண்ணாடியும் முகம் காட்டும் அல்லவா.

நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் எங்கள் வேலையில் பாதி. சில வாரங்கள் கழித்து, சூப் பருக்கிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னதை என் பேச்சுக்கு மாற்றித் தருகிறேன்.

"சிவா, நான் இரட்டையில ஒருத்தன். மற்றவன் செத்துப்போனான். கண்ணாடியைப் பாத்தால் அவன் கிழவனாகிக்கொண்டு வாறது தெரியுது. செத்தவை கிழவனாகக் கூடாது."

பிறகு கதை வந்தது. வியட்நாமில் அமெரிக்கா போர் செய்துகொண்டிருந்த காலம். படைக்கு ஆள் போதவில்லை. யாரைக் கூப்பிடுவது என்பதை அதுவரை ஊர்தோறும் இருந்த சபைகள் தீர்மானித்தன. பணக்காரப் பிள்ளைகள் தப்புகிறார்கள், ஏழைப் பிள்ளைகள் போகிறார்கள் என்று நாடெங்கும் கோபம். சரி, எல்லோருக்கும் பொதுவாகக் குலுக்கிப் போடுவோம் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. வருடத்தின் ஒவ்வொரு தேதியையும் தனித்தனித் துண்டில் எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு சின்ன நீலக் குப்பிக்குள் போட்டு, ஒரு பெரிய கண்ணாடிச் சாடிக்குள் கொட்டினார்கள். ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார்கள். முதலில் வந்த தேதிகளில் பிறந்தவர்கள் முதலில் போகவேண்டும். கடைசியில் வந்த தேதிக்காரர் வீட்டில் இருக்கலாம். நாடு முழுவதும் ரீவிக்கு முன்னால் இருந்து பார்த்ததாம்.

வால்டர் பிறந்தது நள்ளிரவுக்குச் சற்று முன். தம்பி லியோன் பிறந்தது நள்ளிரவுக்குச் சற்றுப் பின். ஒரே வயிறு, ஒரே இரவு, ஆனால் இரண்டு தேதி. அந்தக் குலுக்கலில் வால்டரின் தேதி தொடக்கத்திலேயே வந்துவிட்டது. லியோனுடையது சாடியின் அடியில் கிடந்து கடைசியில்தான் வந்தது. சோபாவில் தோளோடு தோள் ஒட்டி இருந்த இருவரும் எழும்பவில்லையாம். அம்மா மட்டும் எழும்பிப் போய்க் குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டாவாம், அழுகிற சத்தம் கேட்காமல் இருக்க.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்திலும் ஒரு காலம் சண்டைக்குப் பிள்ளை பிடித்தார்கள். சாடி இல்லை, ரீவி இல்லை. சந்தியில் வாகனம் நிற்கும். அந்த வழியால் சைக்கிளில் யார் வந்தானோ அவன்தான். அன்றைக்கு நான் எந்த வழியால் வந்தேன், வேறு யார் எந்த வழியால் வந்தார்கள் என்பதை வால்டரிடமும் சொல்லவில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை. அவர் கதை சொல்லி முடிக்கும்வரை சூப் கோப்பையைப் பிடித்தபடி நின்றேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அது ஆறிப்போய் மேலே ஏடு கட்டியிருந்தது.

வால்டர் எல்லை தாண்டி ரொறன்ரோவுக்கு வந்துவிட்டார். அந்த வீட்டிலிருந்து ஒருவர் ஓடிவிட்டார் என்று ஊர் பேசியது. அப்பா தேவாலயத்துக்குப் போவதை நிறுத்தினார். லியோன், போகத் தேவையில்லாத லியோன், தானாகவே போய்ப் படையில் சேர்ந்தார்.

சில வருடங்களில் போர் முடிந்தது. கட்டாயமாக ஆள் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். பிறகு புதிதாகப் பதவியேற்ற ஜனாதிபதி, படைக்குப் போகாமல் ஓடியவர்களுக்கெல்லாம் மன்னிப்பு அறிவித்தார். வால்டர் அதை ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் ஏணியில் நின்றபடி வானொலியில் கேட்டாராம். இறங்கி வந்து, கையில் வர்ணத்தோடு, வீட்டுக்குப் போன் எடுத்தார். அப்பாதான் தூக்கினார். லியோன் எங்கே என்று கேட்டதற்கு, "அங்கே போன பிள்ளை திரும்பி வரவில்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மன்னிப்புக் கிடைத்தும் வால்டர் ஒருநாளும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. அந்தப் போரில் மாண்டவர்களின் பெயர்களைப் பொறித்த கறுத்த சுவரைப் போய்ப் பார்க்கவும் இல்லை. தம்பியின் பெயரைத் தேடிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

இதைச் சொல்லிச் சில நாட்களில், காலையில் வருகிற பெண் எனக்குப் போன் பண்ணினாள். முந்தைய நாள் வெளிச்சம் மங்கும்போது, நான் குசினியில் நின்ற நேரம், வால்டர் திரையை விலக்கி வெளியே பார்த்தாராம். எதிரே, வீதித் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீட்காரின் தரிப்பில் தம்பி நிற்கிறான் என்று சொல்லி நடுங்கினாராம். அன்று பின்னேரம் என்னிடமும் சொன்னார். தம்பி தன்னைப்போலவே கிழவனாகி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்கிறானாம். கூட்டிப் போக வந்திருக்கிறானாம்.

நான் போய்ப் பார்த்தேன். பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் ஒரு பொம்பிளையும் நின்றார்கள். வேறு யாரும் இல்லை.

அடுத்தடுத்த நாட்களிலும் அதே பேச்சு. சாகப்போகிறவர்கள் செத்தவர்களைக் காண்பது எங்களுக்குப் புதிதில்லை. நேர்ஸ் அறிக்கையில் எழுதினாள். டொக்டர் மருந்தைக் கூட்டினார். அதன் பிறகு வால்டர் பயப்படவில்லை. ஆனால் பேசவும் இல்லை. வாய் ஓரத்தில் எச்சில் வடிய, கண் பாதி திறந்தபடி கிடந்தார். பயத்தோடு சேர்த்து மனுசனையும் விளக்கைப்போல் அணைத்துவிட்ட மாதிரி இருந்தது.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்குப் பழக்கியவர் ஒரு ஜமேக்கா நேர்ஸ். அதிகம் பேசமாட்டார். யாரோ நிற்கிறார் என்று நோயாளி சொன்னால் முதலில் போய்ப் பார், பிறகு எழுது என்பார். ஒருமுறை பார்த்துவிட்டேனே என்று அந்தப் பின்னேரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்த நேரத்தில் பார்த்தேன் என்று யோசித்தபோதுதான் உறைத்தது. நான் பார்த்தது வேலைக்கு வந்தவுடன். வால்டர் எப்போதும் சொல்வது வெளிச்சம் மங்குகிற நேரத்தை.

அதனால் அன்றைக்கு வெளிச்சம் மங்கும்வரை பொறுத்திருந்து, திரையை ஒரு விரலளவு விலக்கிப் பார்த்தேன்.

தரிப்பில் ஒரே ஒருவர் நின்றார். பனி தூவிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தலை இடது பக்கம் சற்றுச் சரிந்திருந்தது. அந்தச் சரிவை எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அந்தத் தலைக்குக் கீழேதான் தலையணையை வைத்துச் சரிசெய்கிறேன். அதே நெற்றி, அதே நீண்ட மூக்கு, கன்னத்தில் அதே பள்ளம். நான் திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். வால்டர் அங்கேதான் கிடந்தார். ஒட்சிசன் குழாய் மூக்கில் இருந்தது. மறுபடி வெளியே பார்த்தேன். வால்டர் அங்கேயும் நின்றார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீட்கார் ஒன்று வந்து நடுவே மறித்தது. அது போனபின் தரிப்பில் யாரும் இல்லை.

திரையை மூடினேன். தர்ஷிக்குப் போன் எடுத்தேன். எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பிள்ளை, இங்கே பிறந்தவள், கெட்டிக்காரி. கண்டதை அப்படியே சொன்னேன். "அண்ணை, நீங்கள் இந்த மாசம் லீவே எடுக்கேல்ல" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வால்டருக்கும் எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள்.

அடுத்த நாள் போகும்போது எனக்குள் ஒரே கேள்விதான். சொல்வதா, விடுவதா. நானும் கண்டேன் என்று சொன்னால் அவருடைய பலவீனமான இதயம் பயத்தில் நின்றுவிடலாம். நான் ஒன்றும் காணவில்லை என்றால் அது பொய். அந்தப் பொய்யோடு அவர் பைத்தியம் என்ற பெயரில் சாவார். எந்த வகுப்பிலும் இதற்குப் பதில் கிடையாது. மருந்து தெளிந்து அவர் சற்று விழித்த நேரம் பார்த்து, கட்டிலில் அருகே இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"வால்டர், அங்க ஒரு ஆள் நிண்டவர். நானும் கண்டனான்."

பயப்படுவார் என்று நினைத்தேன். கண்ணீர் வந்தது. தனக்குப் பைத்தியம் இல்லை என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டை இறுக்கினார்.

"அவன்ர வாயில இருந்து ஆவி வந்ததா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மறுபடி கேட்டார். வெளியே இவ்வளவு குளிர். உயிரோடு இருப்பவர் வாய் திறந்தால் வெள்ளையாக மூச்சு வரும். செத்தவருக்கு வராது. அதைப் பார்த்துச் சொல் என்றார்.

நான் ஜன்னலடியில் நின்றேன். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றின. அவர் வந்தார். எந்தப் பக்கமிருந்து வந்தார் என்று கவனிக்கத் தவறிவிட்டேன். பார்க்கும்போது நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றினார். முகம் விளக்குக்கு மறுபுறம் இருந்தது. பின்னால் வால்டரின் ஒட்சிசன் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பும்வரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். திருப்பினார். உதடுகளுக்கு முன்னால் சின்னதாக ஒரு வெள்ளைப் புகை எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் கரைந்தது. பிறகு இன்னொன்று.

"வருது," என்றேன்.

தெருவில் அந்த மனிதர் ஏதோ முடிவெடுத்தவர்போல் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீதியைக் கடந்தார். சற்று நேரத்தில் சுவரில் இருந்த, கீழ் வாசலோடு பேசுகிற பஸ்ஸர் அடித்தது. நான் எடுத்தேன்.

"வால்டர் இருக்கிறாரா?" என்று வால்டரின் குரல் கேட்டது.

உங்களுக்கு இதை எப்படிச் சொல்வது? நான் திரும்பி வால்டரின் வாய் அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. இது நோய் வருவதற்கு முன் வால்டருக்கு இருந்திருக்கக்கூடிய குரல், இளைப்பு இல்லாத குரல். தன் பெயர் லியோன் என்றும், அவருடைய சகோதரன் என்றும் அது சொன்னது.

பட்டியலில் பெயர் இல்லாத எவரையும் நாங்கள் உள்ளே விடக்கூடாது. தர்ஷிக்கு மறுபடி எடுத்தேன். "விடாதேங்கோ அண்ணை. பொலிஸுக்கு நான் அடிக்கிறன்," என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. யாரென்று தெரியாத ஒருவர் நாட்கணக்காக எதிரே நின்று ஒரு நோயாளியின் ஜன்னலைப் பார்க்கிறார் என்றால் யாரும் அதைத்தான் செய்வார்கள். கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னேன். வீடு வால்டருடையது, அவரிடம் கேட்கவேண்டும் என்றேன்.

கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தபடி, "எப்ப பிறந்தவன் எண்டு கேள்," என்றார்.

கதவைப் பூட்டிக்கொண்டு கீழே லொபிக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு மறுபக்கம் அந்த முகம். இவ்வளவு அருகில் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது. இடது காது பாதிதான் இருந்தது. கழுத்தில் பழைய தீக்காயம். கதவைச் சற்றே திறந்து, எப்போது பிறந்தீர்கள் என்று கேட்டேன்.

"நள்ளிரவுக்குப் பிறகு. அவன் முன்னம். எங்கள் ரெண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்," என்றார்.

இவ்வளவு நாளும் ஏன் வந்து மணி அடிக்கவில்லை என்று கேட்டேன். மகள் இணையத்தில் தேடி முகவரியைக் கண்டுபிடித்துக் கொடுத்தாளாம். காரில் வந்துவிட்டார். வந்து மேலே பார்த்தால், திரை விலகும், ஒரு முகம் தெரியும், உடனே திரை மூடிக்கொள்ளும். தன்னைக் கண்டுதான் மூடுகிறான், தன்னை வேண்டாம் என்கிறான் என்று நினைத்திருக்கிறார். ஆனாலும் திரும்பிப் போக முடியவில்லையாம்.

"மன்னிக்க வரேல்ல," என்றார். "சண்டை பிடிக்கவும் வரேல்ல. நான் போகாமல் இருந்திருந்தால் என்ன மாதிரி இருந்திருப்பன் எண்டு பாக்க வந்தனான்."

செத்துவிட்டதாக அப்பா சொன்னதை நான் சொன்னபோது அவர் தலையை அசைத்தார். அந்தப் போன் வந்தபோது தான் பக்கத்து அறையில்தான் இருந்ததாகச் சொன்னார். அப்பா ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்வாராம், தன்னை முன்னால் வைத்துக்கொண்டே. போன பிள்ளை திரும்பி வரவில்லை, வந்திருப்பவன் வேறு யாரோ என்று. "அவர் சொன்னது சரிதான்," என்றார்.

நான் அவரை உடனே மேலே கூட்டிப் போகவில்லை. இதை நீங்கள் கவனிக்கவேண்டும். லொபியில் இருத்திவிட்டு நான் மட்டும் போய், ஆள் உயிரோடு இருக்கிறார், பாதிக் காது இல்லை, கழுத்தில் தழும்பு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கதவைத் திறந்தவுடன் தன் முகம் உள்ளே வருவதை வால்டர் காணக்கூடாது. தம்பியின் முகம் வருவதைத்தான் காணவேண்டும். வித்தியாசங்களை முதலில் கேட்டுப் பழகட்டும் என்று நினைத்தேன். இரண்டாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, வரச்சொல் என்றார். தர்ஷிக்குப் போன் பண்ணி, வால்டரின் வாயாலேயே அனுமதியைச் சொல்ல வைத்தேன்.

லியோன் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். ஒருவர் தலையைச் சரித்தால் மற்றவரும் சரித்தார். அறையில் ஒரு மனிதரும் அவருடைய பிம்பமும் இருப்பதுபோலவும், எது பிம்பம் என்று அவர்களுக்கே தெரியாததுபோலவும் இருந்தது. எனக்கு வெளியே போய்விடவேண்டும் போலிருந்தது. ஆனால் நகராமல் நின்றேன். கடைசியில் வால்டர்தான் பேசினார்.

"நான் வீணா எல்லாக் கண்ணாடியையும் கழட்டிப்போட்டன்."

லியோன் கட்டிலில் இருந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

டொக்டர் மருந்தைப் பழையபடி குறைத்தார். அறிக்கையில் இருந்ததை நேர்ஸ் தானே திருத்தினாள். தர்ஷி ஒருநாள் நேரில் வந்து இருவரையும் பார்த்துவிட்டு, படியில் இறங்கும்போது என்னிடம், "சொறி அண்ணை," என்றாள். நானும் நீயும் ஒரே பக்கம்தான் பிள்ளை என்றேன். லியோன் ஊருக்குப் போகவில்லை. சோபாவில் படுத்தார். அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ரீவியை மட்டும் போடமாட்டார்கள். சில நாட்களில் நான் கதவைத் திறக்கும்போது உள்ளே இருப்பது யார் என்று ஒரு கணம் தெரியாது. அந்தக் கணம் எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

பனி உருகத் தொடங்கிய ஒரு பின்னேரம் வால்டர் போய்விட்டார். வலி இல்லை. லியோன் பக்கத்தில் இருந்தார். நான் நாடி பார்த்து, முடிந்துவிட்டது என்று சொன்னேன். அடுத்து நான் செய்யவேண்டியது உங்களுக்கும் தெரியும். உடனே நேர்ஸுக்கும் அலுவலகத்துக்கும் போன். உடலை அப்படியே விடவேண்டும்.

லியோன் நிமிர்ந்து, அண்ணனுக்குச் சவரம் செய்துவிடலாமா என்று கேட்டார்.

நான் போனைச் சட்டைப் பையில் திரும்ப வைத்தேன். வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் இடது கையால் தன் கன்னத்தைத் தடவிப் பார்ப்பார். எலும்பு எங்கே எழும்புகிறது, பள்ளம் எங்கே விழுகிறது என்று விரலால் அறிவார். பிறகு வலது கையால் அதே இடத்தில் அண்ணனின் கன்னத்தில் கத்தியை வைப்பார். மெதுவாக, ஒரு கீறல் விழாமல். முடித்துத் துடைத்துவிட்டு, ஏதாவது விட்டுவிட்டேனா என்று என்னைக் கேட்டார்.

"இடது காதுக்குக் கீழ கொஞ்சம்," என்றேன்.

கையைத் தன் காதடிக்குக் கொண்டுபோனார். அங்கே காது பாதியில் முடிந்து தழும்புதான் இருந்தது. விரல் அங்கே சற்று நேரம் நின்றது. பிறகு குனிந்து, அண்ணனின் முழுக் காதை இரண்டு விரலால் மெல்ல மடித்துப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தை வழித்தார். அதன் பிறகுதான் நான் போனை எடுத்தேன்.